சாயம் போடாத நூல்

காரைக்குடியில் ஸ்வெட்டரா என்று நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். நம் வயதில் சிரிப்பதற்கு ஒரு விஷயம் கிடைப்பதே பெரிய காரியம். மூட்டுக்கு எண்ணெய், கண்ணுக்குச் சொட்டு மருந்து, சர்க்கரைக்கு நாவல்கொட்டைப் பொடி என்று பேசிப் பேசியே நம் காலை நடை முடிந்துபோகிறது. இன்றைக்கு மட்டும் ஒரு மாறுதலுக்கு நான் கம்பளி நூலைப் பற்றிச் சொல்கிறேன். கூட நடந்துகொண்டே கேளுங்கள்.

போன மாதம் என் மருமகள் போனிலேயே பார்த்து ஒரு பொட்டலம் வரவழைத்தாள். பிரித்தால் உள்ளே வளையமாகச் சுற்றிக் கட்டிய சிட்டம் சிட்டமாக உல்லன் நூல். வெள்ளை என்றும் சொல்ல முடியாத ஒரு வெள்ளை, சாம்பல், வறுத்த காப்பிக்கொட்டை போல ஒரு பழுப்பு. "சாயமே போடாதது அத்தை. ஆட்டு மேல இருந்த நிறம் அப்படியே இருக்கு. இப்ப இதுக்குத்தான் மவுசு" என்றாள். நான் ஒரு சிட்டத்தை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தேன். சோப்பு வாசனைதான் அடித்தது. ஆனால் அடியில், ரொம்ப அடியில், மழையில் நனைந்த ஆட்டின் வாசனை இருந்தது. அவளுக்குத் தெரியாது, இதே மாதிரி நூலுக்குச் சாயம் இல்லை என்பதற்காக எங்கள் வீட்டில் ஒரு யுத்தமே நடந்திருக்கிறது.

என் அப்பா பட்டாளத்தில் லாரி ஓட்டினார். வடக்கே பனிமலைப் பக்கம். எந்த மலை என்று வீட்டில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். வரும்போது கித்தான் பை நிறைய உலர்ந்த திராட்சையும், கடித்தால் பல் ஆடுகிற பிஸ்கட்டும் இருக்கும். நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் ஐப்பசியில், லீவு இல்லாமல், ஒரேயடியாக வந்துவிட்டார். பனியில் லாரி மாட்டிக்கொண்டதில் இடது கையில் இரண்டு விரல்கள் பாதியோடு போயிருந்தன. மிச்ச விரல்களும் மடங்காமல் மரக்குச்சி மாதிரி விறைத்திருந்தன. அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டபடியே தெருவில் நடந்தார். விசாரிக்க வந்தவர்களிடம், "அதெல்லாம் ஒண்ணுமில்ல. மழை எப்படி இங்குட்டு?" என்று பேச்சைத் திருப்பிவிடுவார்.

அந்தத் தடவை கித்தான் பை முன்னைவிடப் பெரிதாக இருந்தது. நான் திராட்சைக்காகக் காத்திருந்தேன். அப்பா பையைக் கவிழ்த்தார். தரையில் விழுந்தது எல்லாம் நூல். கையால் திரித்தது. ஓரிடத்தில் தடிமனாக, ஓரிடத்தில் மெலிசாக இருந்தது. நடுநடுவே காய்ந்த புல்லும் சின்ன முள்ளும் சிக்கியிருந்தன. அள்ளினால் உள்ளங்கையில் எண்ணெய் தடவியது மாதிரி ஒரு மினுமினுப்பு. வீடு முழுக்க வாசனை எழும்பியது.

"என்னடா தம்பி, வீட்டுக்குள்ள ஆட்டுக்கிடை போட்டிருக்கே?" என்றார் பெரியப்பா.

பெரியப்பா அப்பாவுக்கு அண்ணன். பெரியம்மா போன பிறகு எங்களோடுதான் இருந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். அப்பா வடக்கே இருந்த வருஷங்களில் எங்கள் வீட்டுக்கு அரிசியும் வந்தது, எனக்கு ஸ்லேட்டும் வந்தது என்றால் அது அவரால்தான். அவர் ஒரு பொருளைப் பார்த்து இது எதற்கு ஆகும் என்று ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். இந்த நூலைப் பார்த்து அவருக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

"இதை யாரு குடுத்தா?" என்று அம்மா கேட்டாள்.

"மலையில ஒரு பொம்பள. ஆடு வச்சிருக்கு. அதுவே திரிச்சது" என்றார் அப்பா. அதோடு நிறுத்திக்கொண்டார். நிறுத்தாமல் இன்னும் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் காலையில் வாசற்படியில் உட்கார்ந்தார். பையிலிருந்து இரண்டு நீள ஊசிகளை எடுத்தார். விறைத்த இடது கையில் ஒன்றைச் செருகிக்கொண்டு பின்ன ஆரம்பித்தார்.

ஆம்பளை பின்னியதை அதுவரை எங்கள் தெரு பார்த்ததில்லை. பால் ஊற்ற வந்தவர் நின்றார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நின்றார்கள். எதிர்வீட்டு அக்கா கோலப்பொடியைக் கையில் வைத்துக்கொண்டு கோலத்தையே மறந்துவிட்டாள். வெயில் காலத்தில் சட்டையில் உப்புப் பூக்கிற ஊரில், மீசை வைத்த ஒரு மிலிட்டரிக்காரர் ஆட்டு மயிரில் குல்லா பின்னுகிறார் என்றால் யார்தான் நிற்க மாட்டார்கள்? இரண்டே நாளில் 'உல்லன் மிலிட்டரி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "பனி மண்டைக்குள்ள ஏறிப்போச்சு போல" என்று பெரியப்பாவிடம் கடையில் வந்து துக்கம் விசாரித்தவர்களும் உண்டு.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்பா முதல்தடவையாக வீட்டில் இருந்தார். கண் முன்னால் இருந்தார். எனக்கு அது போதும். நான் இரண்டு கைகளையும் நீட்டுவேன். சிட்டத்தை என் கைகளில் மாட்டி அவர் உருண்டை சுற்றுவார். நூல் என் மணிக்கட்டில் உராய்ந்து போகும்போது கூசும். புல் துணுக்குகளை நான் பொறுக்கி எடுத்துப் போடுவேன். ஒருநாள் அப்பா, பெரியப்பா கடையிலிருந்து இரண்டு சைக்கிள் சக்கரக் கம்பிகளை வாங்கி, நுனியைச் சிமெண்டுத் தரையில் தேய்த்து மழுக்கி எனக்கு ஊசி செய்து கொடுத்தார்.

"ஆத்தா, இந்தக் கண்ணிக்குள்ள ஊசியை விடு. நூலைச் சுத்து. இழு. அம்புட்டுத்தான்."

"எதுக்குப்பா பின்னுறீக?"

"கைக்கு வேலை வேணும்ல" என்று சொல்லி, முடித்த குல்லாவைப் பிரித்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

நான் பின்ன ஆரம்பித்தேன். ஒரு சாண் அகலத்தில் ஒரு பட்டை. என்ன பின்னுகிறேன் என்று எனக்கே தெரியாது. வெள்ளை கொஞ்சம், சாம்பல் கொஞ்சம், பழுப்பு கொஞ்சம். அது வளர்ந்துகொண்டே போனது. என் உயரத்தையும் தாண்டியது. யாரும் நிறுத்தச் சொல்லாவிட்டால் சிவகங்கை வரைக்கும்கூடப் போயிருக்கும். அதைச் சுருட்டிப் பள்ளிக்கூடப் பையில் வைத்து, எங்கே போனாலும் கூடவே தூக்கிப்போவேன்.

இதற்கிடையில் வீட்டில் இன்னொன்று நடந்தது. அது எனக்கு அப்போது புரியவில்லை. அம்மா அப்பாவோடு பேசுவதைக் குறைத்தாள். தட்டை வைக்கும்போது 'ணங்' என்று சத்தம் வந்தது. ரசத்தில் உப்பு ஒருநாள் கூடியது, மறுநாள் இல்லவே இல்லை. அப்பா எதையும் கேட்காமல் சாப்பிட்டார். காரணம் இதுதான். பின்னும்போது அப்பாவுக்கு முணுமுணுக்கிற பழக்கம். "சீதா, சீதா..." என்பார். கொஞ்சம் நிறுத்தி மறுபடி "சீதா" என்பார். நடுவில் ஏதோ புரியாத ஒரு வார்த்தை வரும். மறுபடியும் சீதா. அடுப்படியில் இருந்து அம்மாவுக்கு அது நன்றாகக் கேட்கும்.

மலை. பொம்பளை. கையால் திரித்த நூல். சீதா. அம்மா கணக்குப் போட்டுவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயந்திருப்பாள்.

கார்த்திகையில் என் அத்தை பிரசவத்துக்கு வந்தாள். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கச்சி. மாமா பினாங்கில் ஒரு ஹோட்டலில் வேலையாக இருந்தார். அத்தைக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. தை பிறந்துதான் பிரசவம் என்று எல்லோரும் நிதானமாக இருந்தோம். அப்பா மட்டும் பிறக்கப்போகிற பிள்ளைக்கு என்று வெள்ளை நூலையும் சாம்பல் நூலையும் தனியே பிரித்து வைத்தார்.

பெரியப்பாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"பச்சப்புள்ளைக்கு வெள்ளையும் கருப்புமாடா? எழவு வீட்டுக்கா போகுது? ஒரு சிவப்பு, ஒரு மஞ்ச வேணாம்?"

"இதுதாண்ணே நல்லது. சாயம் இருந்தா உடம்புல ஒட்டும்."

"ஊரு உலகமே சாயத் துணிதாண்டா கட்டுது!"

அப்பா சிரித்துவிட்டு விட்டுவிட்டார். ஆனால் அவர் பென்ஷன் விஷயமாகச் சிவகங்கைக்கு பஸ் ஏறிய அன்று, பெரியப்பா கித்தான் பையைத் தோளில் தூக்கினார். சேலை நெய்கிறவர்களுக்கு நூலில் சாயம் காய்ச்சித் தருகிற ஒருவர் அவருக்குச் சிநேகிதர். தம்பிக்கு நல்லது செய்வதாகத்தான் பெரியப்பா நினைத்தார். இல்லாவிட்டால் அத்தனை மழையில் அதைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாரா? அம்மா வாசலில் நின்று, "நல்லா அரக்குச் செவப்பாப் போட்டுக் கொண்டாங்க" என்றாள். அந்தக் குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. சந்தோஷமான குரல் இல்லை; எதையோ அழித்துவிட்ட குரல்.

சாயக்காரரும் அதற்கு முன் கம்பளியைத் தொட்டதில்லை. பருத்தி நூலை எப்படிக் கொப்பரையில் போட்டுக் கொதிக்கவைத்துக் கம்பால் புரட்டுவாரோ அப்படியே செய்திருக்கிறார். சாயங்காலம் பெரியப்பா கொண்டுவந்து இறக்கியதைப் பார்த்தோம். நூலைக் காணோம். சிட்டங்கள் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிச் சுருங்கி, எருமைத்தோலை மடித்து வைத்தது மாதிரி ஒரே கட்டி. நிறம் மட்டும் பிரமாதமாக ஏறியிருந்தது. பெரியப்பா ஒரு நுனியாவது கிடைக்குமா என்று நகத்தால் பிய்த்துப் பார்த்தார். ஒரு இழைகூட வரவில்லை.

அப்பா சிவகங்கையிலிருந்து வந்தார். நனைந்த சட்டையை அவிழ்க்காமலே குனிந்து அந்தச் சிவப்புக் கட்டியைத் தொட்டார்.

"வெந்திருச்சு" என்றார்.

திட்டவில்லை. பெரியப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். மறுநாளிலிருந்து அப்பா வாசற்படியில் உட்காரவில்லை. கை மறுபடி பைக்குள் போய்விட்டது. விரல்கள் முன்போல் விறைக்க ஆரம்பித்தன. தெரு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. அம்மா ஜெயித்தவள் மாதிரி இல்லை. அடுப்படியில் சும்மாவே பாத்திரங்களை எடுத்து எடுத்து வைத்தாள்.

மழை விடவில்லை. ஊருணிகள் நிரம்பி வழிந்தன. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். அந்த மழையில்தான் ஒரு விடிகாலையில் அத்தைக்கு வலி எடுத்துவிட்டது.

பிரசவம் பார்க்கிற டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். அவருடைய ஆஸ்பத்திரி, மலேயாவுக்குப் போய்விட்ட ஒரு பெரிய குடும்பத்தின் வீட்டில் வாடகைக்கு நடந்தது. உங்களுக்குத் தெரியும், நம் பக்கத்துப் பெரிய வீடுகள் எல்லாம் வெயிலை வெளியே நிறுத்துவதற்கென்றே கட்டியவை. சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் தரை, நடுவில் திறந்த முற்றம். சித்திரையில் அது சொர்க்கம். அந்தக் கார்த்திகையில் முற்றத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. காலை வைத்தால் தரை ஜில்லென்று உச்சிக்கு ஏறியது. சுவரைத் தொட்டால் கை ஈரமானது.

பெண் குழந்தை. என் கையளவு இருந்தாள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். தோல் மெலிசாக, உள்ளே ரத்தம் ஓடுவது தெரிந்தது. அவளுக்கு அழக்கூட வரவில்லை. பூனைக்குட்டி கொட்டாவி விடுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். டாக்டரம்மா குழந்தையைச் சோதித்துவிட்டு வெளியே வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒளிக்காமல் பேசுவார்.

"மூச்சு நல்லாத்தான் விடுதா. பால் ஒரு சொட்டு ரெண்டு சொட்டு இறங்குது. ஆனா உடம்புல சூடு நிக்கல. மதுரைக்கு அனுப்பலாம்னா ரோட்டுல பாலத்து மேல தண்ணி போகுதாம். புள்ளையைச் சூடா வைக்க லைட் பெட்டி வச்சிருக்கேன், கரண்ட் இல்ல. சூடு மட்டும் நாம குடுத்துட்டம்னா பிழைச்சிருவா."

அத்தைக்கு ஜுரம், கண் திறக்க முடியாமல் கிடந்தாள். டாக்டரம்மா அம்மாவைப் பார்த்தார். "நீங்க வாங்க. சேலைக்குள்ள, நெஞ்சோட ஒட்டி வச்சுக்குங்க. இறக்கவே கூடாது."

அம்மா குழந்தையை வாங்கி நெஞ்சில் வைத்து, கட்டிலில் சாய்ந்துகொண்டாள். பஞ்சு வைத்தார்கள், அந்த ஈரக்காற்றில் பஞ்சு நமத்துப்போனது. துணியைச் சுற்றினார்கள், அதுவும் சில்லிட்டது. அம்மாவின் நெஞ்சுப் பக்கம் சூடாக இருந்தாலும் குழந்தையின் முதுகும் தலையும் காலும் காற்றில் இருந்தன. நான் ஒரு பாதத்தைத் தொட்டேன். சுவரில் ஊர்கிற பல்லியைத் தொட்டது மாதிரி இருந்தது.

அப்பா முற்றத்துத் தூணில் சாய்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் முன்னால் போய் நின்று, பள்ளிக்கூடப் பையைத் திறந்து, என் பட்டையைக் கம்பி ஊசிகளோடு உருவி அவர் மடியில் போட்டேன்.

அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கால்சட்டைப் பைக்குள்ளிருந்து இடது கை வெளியே வந்தது.

"இது நீ பின்னுனதாச்சே ஆத்தா. பிரிக்கணுமே."

"பிரிப்போம்ப்பா" என்று சொல்லி, கடைசிக் கண்ணியை நானே பிடித்து இழுத்தேன்.

அத்தனை நாள் பின்னியது அரைமணி நேரத்தில் அவிழ்ந்தது. இடியாப்பம் மாதிரி சுருண்டு சுருண்டு வந்தது நூல். நான் பிரிக்கப் பிரிக்க அப்பா பின்னினார். முதலில் தலைக்கு ஒரு குல்லா. அப்புறம் கழுத்து வரை போகிற ஒரு பை. ஒரு நிறம் முடிந்த இடத்தில் அடுத்த நிறத்தை முடிந்துகொண்டார். வெள்ளை, சாம்பல், பழுப்பு, மறுபடி வெள்ளை. விறைத்திருந்த விரல்கள் முதலில் தடுமாறின. ஊசி நழுவிக் கல் தரையில் விழுந்து மணி அடித்தது மாதிரி சத்தம் போட்டது. அப்புறம் வேகம் பிடித்தது. வேகம் பிடித்ததும் வாய் தானாக ஆரம்பித்துவிட்டது.

"சீதா, சீதா... உல்ட்டா, உல்ட்டா... சீதா..."

கட்டிலில் சாய்ந்திருந்த அம்மாவுக்கு அன்றைக்கு எங்கும் எழுந்து போக முடியாது. நெஞ்சில் குழந்தை இருக்கிறது. போக முடியாததால்தான் கேட்டாளோ என்னவோ.

"அவ யாரு?"

"எவ?" என்றார் அப்பா, ஊசியிலிருந்து கண் எடுக்காமல்.

"சீதா."

அப்பா நிமிர்ந்தார்.

"வடக்க வச்சிருக்கீகளே, அவதான். நூலு திரிச்சுக் குடுத்தவ. மூச்சுக்கு மூச்சு பேரு சொல்றீகளே."

அப்பா ஊசிகளை மடியில் வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சத்தம் வெளியே வராமல், தோள் மட்டும் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்ததில்லை.

"அடியே, இந்தியிலே சீதான்னா நேரான்னு அர்த்தம்! இந்தா பாரு, ஊசியை முன்னால விட்டு எடுத்தா சீதா. அதையே திருப்பிப் போட்டா உல்ட்டா. ரெண்டு சீதா, ரெண்டு உல்ட்டா போட்டா இழுத்தா விரியும், விட்டா ஒட்டிக்கிரும். அதுக்குத்தான் எண்ணுறேன்."

அம்மா ஊசியையே பார்த்தாள். நம்பலாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"அப்ப நூல் குடுத்த பொம்பள?"

"அதுக்கு உங்க ஆத்தா வயசு. பல்லு கிடையாது."

அப்போது மருந்து கொடுக்க வந்த டாக்டரம்மா அப்பாவின் கையைப் பார்த்தார். "மிலிட்டரி ஆஸ்பத்திரியில சொல்லிக்குடுத்ததா? விரல் மடங்க இதுதான் நல்ல பயிற்சி. விட்றாதீங்க. விட்டா மறுபடி விறைச்சுப் போயிரும்."

"ஆமா டாக்டரம்மா. அங்க எங்க வார்டே பின்னுச்சு" என்றார் அப்பா.

டாக்டரம்மா போன பிறகு அம்மா குழந்தையின் முதுகில் சேலையை இழுத்து மூடினாள். "இதை முதல்லயே சொல்ல வேண்டியதுதான?" என்றாள். "நான் என்னன்னு நெனைக்கிறது?"

"கை இப்படி ஆச்சுன்னு எப்படிச் சொல்றது" என்றார் அப்பா.

இரண்டு பேரும் வருஷக்கணக்காகத் தபாலிலேயே குடும்பம் நடத்தியவர்கள். எதிரெதிரே உட்கார்ந்து பேசிப் பழக்கமில்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அம்மா தன் வலது கையை நீட்டி, அப்பாவின் அந்தப் பாதி விரல்களைப் பிடித்தாள். கொஞ்ச நேரம் தேய்த்துச் சூடு பண்ணினாள். அப்புறம், "ம், எண்ணுங்க. சீதா எத்தனை ஆச்சு?" என்றாள்.

குல்லாவும் பையும் முடிந்தன. மிச்ச நூலில் அப்பா ஒரு காலுறையும் நான் ஒரு காலுறையும் பின்னினோம். என்னுடையது கொஞ்சம் கோணல். டாக்டரம்மா வாங்கிப் பார்த்துவிட்டு நர்ஸம்மாவிடம், "கிருமி இருக்கும். நல்லா ஒரு கொதி கொதிக்க வச்சு எடுங்க" என்றார்.

"கொதிக்க வைக்காதீக!"

அந்த அலறல் பெரியப்பாவுடையது. வாசலில் குடையோடு நின்றிருந்தார். ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது. கையில் ஒரு மூட்டை. சொட்டச் சொட்ட நனைந்திருந்தார்; மூட்டையை மட்டும் ரப்பர் ஷீட்டில் சுற்றி வைத்திருந்தார்.

"வெதுவெதுன்னு தண்ணியில சோப்புப் போட்டு அலசுங்க தாயி. கொதிச்சா செத்துப்போகும். நான் பார்த்துட்டேன்" என்றார். டாக்டரம்மா ஒரு நிமிஷம் அவரைப் பார்த்துவிட்டு, "சரி, அப்படியே செய்யுங்க" என்று நர்ஸம்மாவிடம் சொன்னார்.

கரியடுப்பு மேல் கொடி கட்டி அவற்றை உலர்த்தினார்கள். ஆட்டு வாசனை அந்தப் பெரிய வீடு முழுக்கப் பரவியது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டே வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

பெரியப்பா மூட்டையைப் பிரித்தார். உள்ளே அந்தச் சிவப்புக் கட்டி. கடையில் டயர் வெட்டுகிற கத்தியால் அதைச் சதுரமாக வெட்டி, ஓரத்தைச் சீராக்கிக் கொண்டுவந்திருந்தார்.

"தம்பி, நூலா ஆகாது. ஆனா ராத்திரி சும்மா கையை உள்ள விட்டுப் பார்த்தேன். பயங்கரச் சூடுடா. கீழே போட்டா ஈரம் ஏறாதுல்ல?" அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

அப்பா அதை வாங்கி முகத்தில் வைத்து அழுத்திப் பார்த்தார். "அண்ணே, இதை நானே பின்னியிருந்தாலும் இம்புட்டு அடர்த்தியா வந்திருக்காது" என்றார். பெரியப்பா குடையைச் சுருக்குகிற சாக்கில் திரும்பிக்கொண்டார். சாயம் ஒட்டாமல் இருக்க மேலே இரண்டு மடிப்புத் துணி போட்டு அதை அம்மாவின் கட்டிலில் விரித்தார்கள். அம்மா நகர்ந்து அதன் மேல் சாய்ந்தாள். முதுகு சூடாக இருக்கிறது என்று அவள் சொன்னதும் பெரியப்பா முதல் தடவையாக உட்கார்ந்தார்.

குழந்தையைப் பைக்குள் விட்டு, குல்லாவை மாட்டி, காலுறைகளை ஏற்றி, மறுபடி அம்மாவின் நெஞ்சில் வைத்தார்கள். வெள்ளையும் சாம்பலும் பழுப்புமாக, இப்போதுதான் ஈன்ற ஆட்டுக்குட்டி மாதிரி இருந்தாள். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. சாயங்காலம் டாக்டரம்மா வந்து கோணல் காலுறைக்குள் ஒரு விரலை விட்டார். அப்படியே வைத்திருந்தார். நாங்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கால் சூடா இருக்கு" என்றார்.

அம்மா மட்டும் அழுதாள். நான் முற்றத்துக்கு ஓடி மழையில் நின்று குதித்தேன். யாரும் என்னைத் திட்டவில்லை.

அப்புறமும் பயந்த நாட்கள் இருந்தன. ஒருநாள் பால் இறங்கவில்லை. ஒருநாள் உடம்பு மஞ்சள் பூத்தது. ஆனால் சூடு மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. அத்தை ஜுரம் விட்டு எழுந்ததும் அம்மாவும் அவளும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள். லீவில் வந்த அப்பாவின் பட்டாளத்துச் சிநேகிதர் ஒருவர் மலையிலிருந்து இன்னொரு பை நூல் கொண்டுவந்து சேர்த்தார். அப்பா ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பகிரங்கமாகப் பின்னினார். மற்றக் கட்டில்காரர்களும் கேட்டார்கள். டவுனில் அத்தர் கடை வைத்திருந்த ஒரு பாய், தன் மகள் வயிற்றுப் பேரனுக்கு என்று வந்து நின்றார். "கலர் வேணாம் தம்பி. அந்த ஆட்டுக் கலருதான் வேணும். அதுலதான் அந்தப் புள்ள பொழச்சுச்சாம்ல" என்றார். எங்கள் பெரியப்பா பக்கத்தில் நின்று, "ஆமா பாய், சாயம் போட்டா ஒடம்புல ஒட்டும்" என்று என்னமோ அவரே கண்டுபிடித்த மாதிரி சொன்னார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு பின்னினார். மீசை மட்டும் ஆடியது.

தை பிறந்து, முறையாகப் பார்த்தால் அவள் பிறந்திருக்க வேண்டிய நாளும் வந்தபோது, டாக்டரம்மா வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னார். மழை விட்டு, வெயில் பளிச்சென்று அடித்தது. பெரியப்பா ஒரு குதிரை வண்டி பிடித்துக்கொண்டு வந்தார். நான் அப்பாவோடு முன்னால் உட்கார்ந்தேன். கன்னத்தில் சதை வைத்து, கையில் மடிப்பு விழுந்து, குழந்தை இப்போது பையை அடைத்துக்கொண்டு கிடந்தாள்.

தெருவுக்குள் வண்டி திரும்பியதும் பார்த்தால், எல்லா வீட்டுக் கதவும் திறந்திருந்தது. எதிர்வீட்டு அக்கா எங்கள் வாசலில் பெரிய கோலம் போட்டிருந்தாள். முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்ட அம்மா ஆரத்தித் தட்டோடு படி இறங்கி நின்றாள். அத்தை குழந்தையை ஏந்திக்கொண்டு படி ஏறப்போனாள். தெருப் பெண்கள் எல்லாம் ஒன்றாக நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார்கள். நம் பக்கத்துக் குலவையைச் சொல்ல வேண்டுமா? ஓட்டுமேல் இருந்த புறாக்கள் எல்லாம் ஒரே அடியாகப் பறந்தன.

குழந்தை திடுக்கிட்டு விழித்தாள். முகம் சுருங்கியது. வாயைத் திறந்தாள்.

பிறந்ததிலிருந்து பூனைக்குட்டி மாதிரி முனகிக்கொண்டிருந்தவள், அன்றைக்குத் தொண்டை கிழிய அழுதாள் பாருங்கள். அத்தை பயந்து போய் டாக்டரம்மாவிடம் திரும்பிவிடலாமா என்று கேட்டாள். அப்பா, "அழட்டும், நல்லா அழட்டும்" என்றார். பெண்கள் விடவில்லை, இன்னும் ஓங்கிக் குலவை போட்டார்கள். அவளும் விடவில்லை. குதிரை காதை விறைத்துக்கொண்டு பின்வாங்கியது. கடைசியில் பெண்கள்தான் மூச்சு வாங்கி நிறுத்தினார்கள். அவள் நிறுத்தவில்லை.